இரண்டு பழுதையும் தேடிப் பிடித்தார்கள்: என் இ.பி. ஸ்டடி, அப்லேஷன் பற்றி ஒரு மதிப்புரை

கடந்த பிப்ரவரியில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேப் (ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போய்ச் சிகிச்சை செய்யும் அறை) மேசையில் நான்கேகால் மணி நேரம் படுத்திருந்தேன். இதயத்துக்குள் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்பதை உள்ளிருந்தே அளந்து பார்க்கும் இ.பி. ஸ்டடியும், பழுதுள்ள இடத்தைச் சுட்டு அணைக்கும் அப்லேஷனும் ஒரே அமர்வில் நடந்தன. என் இதயத்தில் துடிப்புக் கோளாறுகள் இரண்டு இருந்தன. இரண்டையும் அன்றே கண்டுபிடித்து இரண்டையும் அன்றே நீக்கினார்கள். மொத்தச் செலவு 2,74,000 ரூபாய். காப்பீடு 1,50,000 கொடுத்தது. மீதி என் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து போனது. ஒன்பது மாதம் கழித்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சிகிச்சையின் தரம் வீடு திரும்பிய மறுநாள் தெரிந்துவிடுவதில்லை.

பாராட்டோடு குறைகளையும் சொல்லப்போவதால் எந்த மருத்துவமனையின் பெயரையும் எழுதவில்லை. படபடப்பு நோயோடு அலைகிறவர்களுக்கு, எந்த ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

நான் மின்வாரியத்தில் மின்பாதை ஆய்வாளராக இருந்து 2024இல் ஓய்வு பெற்றவன். பெரும்பாலான வேலைக்காலம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கழிந்தது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. 11 கே.வி. ஃபீடர் (மின்பாதை) டிரிப் ஆகிவிட்டது, அதாவது பழுதால் தானாகத் துண்டித்துக்கொண்டது என்றால் பாதை முழுக்க நடந்து தேடுவோம். உடைந்த பின் இன்சுலேட்டர் ஒன்று கண்ணில் படும், மாற்றுவோம். அதோடு வீட்டுக்குப் போய்விட மாட்டோம். மின்சாரம் கொடுத்து, லைன் நிற்கிறதா என்று பார்ப்போம். மறுபடியும் டிரிப் ஆனால், நாலு கம்பத்துக்கு அப்பால் தென்னை மட்டை உரசிக்கொண்டிருக்கும். முதல் பழுது கண்ணில் பட்டுவிட்டதாலேயே இரண்டாவது பழுது மறைந்து போகும். முப்பத்தைந்து வருடம் இதைப் பார்த்தவன் என்பதால், டாக்டர்கள் என் இதயத்தில் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது.

முதல் கோளாறு 1993இல் தொடங்கியது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு கம்பத்தில் ஜம்பர் (இணைப்புக் கம்பி) மாற்றிவிட்டு இறங்கும்போது, சுவிட்ச் போட்டதுபோல இதயம் ஓடத் தொடங்கியது. பத்து நிமிடம் ஓடிவிட்டு, சுவிட்சை அணைத்ததுபோல நின்றது. கீழே நின்ற நண்பர், "அண்ணே, உங்கள் சட்டைக் காலர் ஆடுகிறது" என்றார். கழுத்தின் அடியில் இரண்டு பக்கமும் ஏதோ குதித்துக்கொண்டிருந்தது. பின்னாளில் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பழகினேன். எப்போதும் 180க்குப் பக்கத்தில் இருக்கும். வருடத்துக்கு நாலைந்து முறை வரும். குனிந்து எழுந்தால் வரும். முக்கி மூச்சை அடக்கினால் சில நேரம் நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு சாய்ந்த கம்பங்களை நிமிர்த்திக்கொண்டிருந்த வாரங்களில் மூன்று முறை வந்தது.

இந்த நோயைச் சொன்னால் நம்ப வைப்பது கடினம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். ஈ.சி.ஜி. எடுத்தால் அப்பழுக்கில்லாமல் இருக்கும். வாயு என்றார்கள். பதற்றம் என்றார்கள். ஒருவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருபத்தெட்டு வருடம் இப்படியே போனது என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இதே நோய் உள்ள பெண்களின் நிலை இன்னும் மோசம். இது பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அவர்களைத்தான் "மனசுதான் காரணம்" என்று சொல்லி அதிகம் திருப்பி அனுப்புகிறார்கள்.

2021இல் ஒரு இரவு அது நிற்கவில்லை. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார். பத்து மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, பிஸ்டன் லேசாக நகரும்படி பதினைந்து விநாடி ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் என்னைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தார். 2015இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், இப்படிக் காலைத் தூக்கியபோது 43 சதவீதம் பேருக்கு நின்றது, வெறுமனே ஊதி முக்கிப் பார்த்தவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் நின்றது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அன்று நிற்கவில்லை. அடினோசின் என்ற ஊசி மருந்தை ஆறு மில்லிகிராம் போட்டார். நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல இருந்தது, ஒரு நொடி எல்லாம் நின்று போனது, பிறகு இதயம் சீராக ஓடியது. "இது எஸ்.வி.டி., ஐயா. வாயு கிடையாது" என்றார். இதயத்தின் மேல்பகுதியில் தோன்றும் வேகத் துடிப்பு நோய்களுக்குப் பொதுப்பெயர் எஸ்.வி.டி. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது கோளாறு 2022 கடைசியில் நுழைந்தது. வந்த முதல் நாளே அது வேறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து குதிக்கவில்லை. காலர் ஆடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாடியைப் பிடித்தால் 150. உட்கார்ந்தாலும் 150, நடந்தாலும் 150, ஒரு மணி நேரம் கழித்தும் 150. பயத்தாலோ காய்ச்சலாலோ கூடும் துடிப்பு, படுத்தால் கொஞ்சம் இறங்கும், இது அசையவில்லை. ஆறு மணி நேரம், ஒருமுறை ஒன்றரை நாள்கூட நீடித்தது.

வேலையில் லாக் புத்தகம் எழுதிய பழக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். தேதி, தொடங்கிய நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், நாடி, கழுத்துத் துடிப்பு உண்டா இல்லையா, எப்படி நின்றது. என் மனைவிக்கும் நாடி பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். என் எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் அவள் எண்ணுவாள். இந்த நோட்டுதான் என் சிகிச்சையில் மிக மலிவான கருவி, மிக முக்கியமான கருவியும் அதுதான்.

2023இல் அந்த 150க்காக அதே அவசரப் பிரிவுக்குப் போனபோது வேறொரு இளம் டாக்டர் இருந்தார். அதே அடினோசினை ஆறு மில்லிகிராம் போட்டார், பிறகு பன்னிரண்டு. இந்த முறை நிற்கவில்லை. ஆனால் மருந்து உள்ளே போகும் முன்பே ஈ.சி.ஜி. தாளை ஓடவிட்டிருந்தார். நாலைந்து விநாடி பெரிய துடிப்புகள் காணாமல் போயின, அந்த இடைவெளியில் ரம்பப் பல் போல வரிசையாகச் சிறு அலைகள் தாளில் ஓடின. பிறகு பழையபடி 150. அவர் அந்தத் தாளைக் கிழித்து மடித்து என் கையில் வைத்து, "இதைப் பத்திரமாக வைத்திருங்கள். உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், இந்தத் தாள் வெப்பத்தில் மங்கிவிடும்" என்றார். அன்று மாலையே மூன்று பிரதி எடுத்தேன். அசல் தாள் இப்போது பாதி வெளுத்துவிட்டது.

அப்லேஷன் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்து முதலில் போன தனியார் மருத்துவமனையில் எனக்கு ஏழு நிமிடம் கிடைத்தது. 2021 ஈ.சி.ஜி.யைப் பார்த்தார்கள். 1,35,000 ரூபாய்க்கு பேக்கேஜ், காலையில் வந்தால் மறுநாள் வீடு. 150 பற்றிக் கேட்டேன். அதே நோய்தான் மெதுவாக ஓடுகிறது, இதைச் சுட்டால் அதுவும் போய்விடும் என்றார்கள். நோட்டைத் திறக்கவே இல்லை. ரம்பப் பல் தாளை எடுத்து நீட்டினேன், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னது நடக்கவே முடியாத ஒன்று என்று நான் சொல்லவில்லை. எஸ்.வி.டி. ஒரே ஆளுக்கு வெவ்வேறு வேகத்தில் ஓடுவது உண்டு. ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை ஊகமாக விட்டுவிட்டு, ஊகத்தின் மேல் தேதி குறிப்பது எனக்கு ஏற்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சென்னையில் நான் பார்த்த டாக்டர் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்தார். பேசவில்லை. ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். 180 என்று எழுதிய இடங்களில் ஒரு புள்ளி, 150 என்ற இடங்களில் இரண்டு. ஓரிடத்தில் நின்றார். "150 இருந்தது, பிறகு 100, பிறகு 75, சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, இது நீங்களே எண்ணியதா?" ஆமாம் என்றேன். நோட்டை என் பக்கம் திருப்பினார். "300ஐ இரண்டால், மூன்றால், நாலால் வகுத்துப் பாருங்கள் ஐயா."

எனக்கு மேல் முடி சிலிர்த்தது. இதயத்தின் மேலறையில் மின் அலை நிமிடத்துக்கு 300 முறை சுற்றுகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் வாசல்போல இருக்கும் ஏ.வி. நோட் அத்தனையையும் கீழே விடாது. இரண்டுக்கு ஒன்று விட்டால் 150, மூன்றுக்கு ஒன்று விட்டால் 100, நாலுக்கு ஒன்று விட்டால் 75. நான் சரியாகிவிட்டது என்று எழுதி நிம்மதியாகத் தூங்கிய சில இரவுகளில் அது நிற்கவே இல்லை. மேலே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ரம்பப் பல் தாளை விரித்து இன்னொன்றையும் காட்டினார். அந்தத் தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் பெரிய கட்டம் ஒன்று விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கட்டத்துக்கு ஒரு பல் என்றால் விநாடிக்கு ஐந்து, நிமிடத்துக்கு 300. பேனா முனையால் பல் பல்லாகத் தொட்டுக்கொண்டே போனார். எல்லாம் கட்டத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

180 வருவது ஏ.வி.என்.ஆர்.டி. என்ற நோய், 150 வருவது ஏட்ரியல் ஃப்ளட்டர் என்றார். முதலாவதில், ஏ.வி. நோட்டுக்குப் போகும் வழி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று வேகமான பாதை, மற்றது மெதுவான பாதை. மின் அலை மெதுவான பாதையில் இறங்கி, வேகமான பாதையில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலறையும் கீழறையும் கிட்டத்தட்ட ஒரே நொடியில் சுருங்குவதால், மேலறை மூடிய வால்வை எதிர்த்து ரத்தத்தை உந்துகிறது; அந்த ரத்தம் பின்னால் கழுத்துச் சிரைக்கு எம்பிப் பாய்கிறது. 1993இல் என் காலர் ஆடியதற்கு 2025இல் காரணம் கிடைத்தது. ஃப்ளட்டரில் சுற்று பெரியது. வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றிவரும் ரிங்ரோடு அது. வால்வுக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் நடுவில் உள்ள குறுகிய பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும், அந்தப் பாலத்தைத் துண்டித்தால் சுற்று அறுந்துவிடும். இரண்டுமே வலது பக்கம், தொடைச் சிரை வழியாகவே போகலாம், ஒரே நாளில் செய்யலாம் என்றார். "ஆனால் மேசையில் படுக்க வைத்துச் சோதித்த பிறகுதான் உறுதியாகச் சொல்வேன். மூன்றாவது ஒன்று இருந்தாலும் இருக்கலாம்" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஃப்ளட்டரில் மேலறை சரியாகச் சுருங்காமல் ரத்தம் கட்டி பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு என்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தார். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். அந்த ஐந்து நாள் கடினம். இரண்டு முறை 180 வந்தது. ஆனால் மாத்திரை ரத்தத்தில் இருந்தால் பழுது ஒளிந்துகொள்ளும், மேசையில் வெளியே வராது.

கேத் லேப் கடுங்குளிர். மார்பிலும் முதுகிலும் ஒட்டும் தகடுகள். தொடையில் ஒட்டிய பெரிய தகடு ஒன்றைப் பார்த்து, "இதுதான் ரிட்டர்ன் பாதையா?" என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். தொடைச் சிரை வழியாக இதயத்துக்குள் விடும் மெல்லிய குழாயான கதீட்டரின் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் திரும்பும் வழி அதுதான். இந்த மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது நெஞ்சைக் கடந்தால் இதயத் தசையை வெறிபிடித்ததுபோல் துடிக்க வைத்து ஆளைக் கொன்றுவிடும். என் கண் முன்னால் ஒரு தோழனை அப்படி இழந்திருக்கிறேன். அப்லேஷனுக்குப் பயன்படுவது சுமார் 5 லட்சம் ஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் தசையால் ஒத்துத் துடிக்க முடியாது. முனையைச் சுற்றி வெப்பம் மட்டும் உண்டாகிறது. ஐம்பது டிகிரிக்கு மேல் போனால் அந்தச் சில மில்லிமீட்டர் தசை செயலிழந்துவிடும். 1982இல் இந்தச் சிகிச்சை மனிதர்களிடம் முதன்முதலில் நடந்தபோது நேர்மின்சார அதிர்ச்சியைத்தான் கதீட்டர் வழியாகப் பாய்ச்சினார்கள். இந்த ரேடியோ அதிர்வெண் மின்சாரத்துக்கு மாறியது அதற்குப் பிறகு. நண்பனைக் கொன்ற மின்சாரம் வேறொரு அதிர்வெண்ணில் என்னைக் குணப்படுத்துகிறது என்று நினைத்தபடி படுத்திருந்தேன். கண்ணில் நீர் வந்தது. நர்ஸ், "வலிக்கிறதா ஐயா?" என்று கேட்டுத் துடைத்துவிட்டார்.

இடுப்பு மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டார்கள், அது சுருக்கென்றது. கதீட்டர்கள் மேலே போவது எதுவும் தெரியவில்லை. முழு மயக்கம் இல்லை, லேசான மருந்துதான். தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. இதயத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் சிக்னல்கள் வண்ண வண்ணக் கோடுகளாக ஓடின.

பிறகு சோதனை தொடங்கியது. எட்டுத் துடிப்பு சீராகக் கொடுத்து, ஒன்பதாவதைச் சற்று முன்கூட்டிக் கொடுக்கிறார்கள். அடுத்த சுற்றில் அந்த ஒன்பதாவதைப் பத்து மில்லிசெகண்ட் முன்னால் இழுக்கிறார்கள். அடுத்ததில் இன்னொரு பத்து. ஒவ்வொரு முறையும் ஏ.வி. நோட் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கிறார்கள். டெக்னீஷியன் எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நேரம் இரண்டும் மூன்றுமாகக் கூடிக்கொண்டு வந்தது. திடீரென்று, பத்து மில்லிசெகண்ட் இழுத்ததற்கு எண்பதுக்கு மேல் தாவியது. "ஜம்ப்" என்றார். வேகப் பாதை கைவிட்டு, மெதுவான பாதை வழியாக அலை இறங்கியிருக்கிறது. பாதை இரண்டு என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த இழுப்பில் என் கழுத்து குதித்தது. முப்பது வருடமாக எப்போது வரும் என்று தெரியாமல் வாழ்ந்த ஒன்றை, ஒரு பொத்தானை அழுத்தி வரவழைத்தார்கள். திரையில் 178.

அது வந்தவுடன் சுட்டுவிடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழறையிலிருந்து சற்று வேகமாகத் துடிப்பு கொடுத்து நிறுத்தி, சுற்று எத்தனை மில்லிசெகண்டில் திரும்பி வருகிறது என்று அளந்தார்கள். இதே வேகத்தில், இதே தோற்றத்தில் வேறு இரண்டு நோய்கள் உண்டு. கூடுதல் தசையிழை ஒன்று மேலறையையும் கீழறையையும் இணைப்பதால் வருவது ஒன்று. மேலறையிலேயே ஒரு புள்ளி தறிகெட்டுத் துடிப்பது மற்றொன்று. சுட வேண்டிய இடம் மூன்றுக்கும் வேறு. டாக்டர் அம்மா மூன்று விதமாகச் சோதித்து முடித்த பிறகுதான், "சரி, மெதுவான பாதை" என்றார்.

சுடும்போது ஏ.வி. நோட்டுக்கு மிக அருகில் இருக்கிறார்கள். தவறினால் மேலும் கீழும் இணைப்பு அறுந்து நிரந்தர பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். நூறில் ஒருவருக்கும் குறைவு என்று முன்பே சொல்லியிருந்தார். முனை சூடாகும்போது ஏ.வி. நோட் பகுதியே சில துடிப்புகளைத் தானாக விடும், அதற்கு ஜங்ஷனல் துடிப்பு என்று பெயர். அது சரியான இடம் என்பதற்கு அடையாளம், எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரமும் அதுதான். அந்த ஒரு நிமிடம் அறையில் யாரும் பேசவில்லை. டெக்னீஷியன் மட்டும் "ஜங்ஷனல், ஜங்ஷனல்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு லேசான சூடு தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

பிறகுதான் நான் இந்த மதிப்புரையை எழுதக் காரணமான பகுதி. ஐசோபிரினலின் என்ற மருந்தை ஏற்றினார்கள். படுத்த படுக்கையில் கம்பம் ஏறியவனைப் போல நெஞ்சு அடித்தது. அந்த நிலையில் மறுபடியும் எட்டு, ஒன்பது, பத்து பத்தாக இழுத்தல், எல்லாம் முதலிலிருந்து. அரை மணி நேரம் முயன்றும் 180 வரவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். "பாதிதான் ஐயா" என்றார் டாக்டர் அம்மா. மேலறையில் வேகமாகத் துடிப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் முறை ஒன்றும் இல்லை. வேகத்தைக் கூட்டினார்கள். மூன்றாவது முறை, கழுத்து குதிக்காமல் இதயம் ஓடத் தொடங்கியது. திரையைப் பார்க்காமலே, "இதுதான் 150" என்றேன்.

சுற்று எங்கே போகிறது என்பதை முப்பரிமாண வரைபடத்தில் வண்ணமாகப் பார்த்தேன். சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிந்து, ஊதா போய்ச் சிவப்பைத் தொட்டது. படத்தோடு நிறுத்தாமல், அந்தக் குறுகிய பாலத்தில் கதீட்டரை வைத்துச் சுற்றைவிடச் சற்று வேகமாகத் துடிப்பு கொடுத்து நிறுத்தினார்கள். கடைசித் துடிப்பு ஒரு முழுச் சுற்றின் நேரத்திலேயே திரும்பி வந்தது. கதீட்டர் இருக்கும் இடம் சுற்றின் மேலேயே இருக்கிறது என்று அர்த்தம். விலகியிருந்தால் போய்வரும் நேரம் கூடியிருக்கும்.

இந்தச் சூடு வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வால்விலிருந்து சிரை வரை புள்ளி புள்ளியாகக் கோடு இழுக்கிறார்கள். சிரைப் பக்கம் நெருங்கும்போது நெஞ்சுக்குள் ஆழமான காந்தல். சொன்னவுடன் வலி மருந்து கொடுத்தார்கள். கோடு முக்கால்வாசி போனபோது ரம்பப் பற்கள் நீண்டு, தயங்கி, நின்றன. என் சொந்தத் துடிப்பு 68. அறையில் ஒரு நிம்மதி பரவியது. ஆனாலும் கோட்டை முடிக்கும்வரை சுட்டார்கள். முடித்த பிறகு கோட்டின் ஒரு பக்கம் துடிப்பு கொடுத்து மறுபக்கம் அளந்தார்கள், பிறகு பக்கம் மாற்றி அளந்தார்கள். இரண்டு பக்கமும் கடக்கவில்லை. ஃப்ளட்டர் நின்றாலும் கோட்டில் ஒரு சிறு இடைவெளி இருந்தால் சில மாதங்களில் திரும்பி வரும். இருபது நிமிடம் சும்மா காத்திருந்து மறுபடி அளந்தார்கள். வீங்கிய தசை தற்காலிகமாகத் தடுப்பது உண்டாம், காத்திருந்தால்தான் தெரியும். கடைசியில் பழைய 180ஐயும் ஒருமுறை வரவழைக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

முதல் மருத்துவமனையின் பேக்கேஜில் நான் படுத்திருந்தால் 180 போயிருக்கும். 150 இருந்திருக்கும். வேறு நோய் என்று தெரியாததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் இருந்திருக்காது. சிகிச்சை தோற்றுவிட்டது என்றோ, மறுபடியும் பதற்றம் என்றோ சொல்லியிருப்பார்கள். அப்லேஷனுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: சுட்டு முடித்த பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்து, மருந்து ஏற்றி, மறுபடியும் தூண்டிப் பார்ப்பீர்களா? வேறு ஏதாவது வருகிறதா என்று தேடுவீர்களா?

பிறகு ஆறு மணி நேரம் கால்களை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். முதுகுவலி அதில்தான். வலது தொடையில் உள்ளங்கை அளவு ரத்தக்கட்டு, பன்னிரண்டு நாளில் மறைந்தது. இரவுப் பணி நர்ஸ் இருவரும் சொந்தப் பிள்ளைகள்போலப் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாடு பரவாயில்லை.

இதுவரை ஒருமுறைகூட 180 வரவில்லை, 150 வரவில்லை. மூன்றாம் மாதம் துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவி கட்டிப் பார்த்து, என் வயதையும் மற்ற நோய்களையும் கணக்கிட்டு டாக்டர் அம்மா அபிக்ஸபானை நிறுத்தினார். அது எனக்கான முடிவு. யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஃப்ளட்டர் வந்தவர்களுக்குப் பின்னாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருவது சாதாரணம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அது வந்தால் நாடி ஒழுங்கே இல்லாமல் ஓடும். தினமும் காலையில் ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் எழுதுகிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். முப்பரிமாண வரைபடக் கருவிக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் தகடுகளின் விலையே பில்லில் பெரிய பங்கு. எஸ்.வி.டி. மட்டும் என்றால் அது இல்லாமலும் செய்யலாம், உங்களுக்கு இரண்டாவது நோய் இருப்பதால் பரிந்துரைக்கிறேன் என்று டாக்டர் அம்மா முன்பே சொல்லிவிட்டார். அதனால் அதில் எனக்கு வருத்தம் இல்லை. காலை எட்டு மணிக்கு என்று சொல்லி, பட்டினியோடு மதியம் ஒன்றரை வரை வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவருக்கு நேரம் கூடிவிட்டது என்பதை ஒருவராவது வந்து சொல்லியிருக்கலாம். டிஸ்சார்ஜ் தாளோடு ஈ.சி.ஜி., சோதனைப் பதிவுகளின் பிரதி தரவில்லை. கேட்டு, ஒரு மணி நேரம் நின்று வாங்கினேன். நாளை வேறு ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கும்போது அந்தத் தாள்கள்தான் பேசும்.

அரை மதிப்பெண்ணை நான் குறைத்தது முக்கியமாகச் சம்மதப் படிவத்துக்காக. நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். முந்தின இரவு ஒன்பது மணிக்கு ஒரு பையன் கொண்டுவந்து பேனாவை நீட்டினான். இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம், பேஸ்மேக்கர் தேவைப்படலாம், பக்கவாதம் வரலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. டாக்டர் வாயால் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் பக்கத்துப் படுக்கையில் அரியலூரிலிருந்து வந்த ஒரு அம்மா, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தார். என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பத்து நாளில், அந்த நாலு பக்கத்தையும் வரி வரியாகத் தமிழில் எழுதி, டாக்டர் அம்மாவுக்கு அனுப்பினேன். மருத்துவச் சொற்களைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். நிர்வாகத்திடம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த பரிசோதனை தை மாதம். போனதும் முதல் வேலையாக, வார்டில் எந்தப் படிவத்தைக் கொடுக்கிறார்கள் என்று கேட்கப்போகிறேன்.